விமானம் வராத நேரத்துச் சம்பாத்தியம்

இலங்கையின் மத்தல ராஜபக்ச சர்வதேச விமான நிலையம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. கட்டி முடிக்க ஆன செலவு 209 மில்லியன் டாலர். அதில் 190 மில்லியன் சீன எக்ஸிம் வங்கி கொடுத்த கடன். மூன்றரைக் கிலோமீட்டர் ஓடுபாதை, ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகளைக் கையாளும் முனையம் என்று எல்லாம் இருந்தன; பயணிகள்தான் இல்லை. 2015இல் அதன் சரக்கு முனையத்தை நெல் கிடங்காகப் பயன்படுத்தினார்கள். வழக்கமாக வந்துகொண்டிருந்த ஃப்ளைதுபாய் விமானமும் 2018இல் நின்றுபோனது. நெல் மூட்டைச் செய்தியை உலகப் பத்திரிகைகள் கேலியாகவே எழுதின.

சும்மா கிடக்கும் கூரைக்கு வாடகை வாங்குவதில் தப்பொன்றும் இல்லை. நெல் வைக்க அந்த விலையில் ஒரு கிடங்கு தேவைப்பட்டதா என்பதுதான் கேட்க வேண்டியது. சிறு விமான நிலையங்களின் 'விமானம் சாரா வருமானம்' பற்றிய விவாதங்களில் இரண்டு கேள்விகள் எப்போதும் குழம்பிப்போகின்றன. கட்டி முடித்துவிட்ட நிலையம் அன்றாடச் செலவையாவது மற்ற வழிகளில் ஈட்ட முடியுமா என்பது ஒன்று. அப்படி ஈட்ட முடியும் என்பதைக் காரணமாகக் காட்டிப் புதிதாக ஒரு நிலையத்தைக் கட்டலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை இரண்டாவதற்கும் பொருத்திவிடுவதில்தான் கோடிகள் தொலைகின்றன.

பிரச்சினை எங்கிருந்து வருகிறது

இந்தியாவில் இந்தக் கேள்வி அவசரமானதற்குக் காரணம் உடான் திட்டம். 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரலில் சிம்லா–தில்லி வழித்தடத்தில் தொடங்கிய திட்டம் அது. சிறு ஊர்களுக்கு விமானம் வர வேண்டும், கட்டணமும் கட்டுப்படியாக வேண்டும் என்பது நோக்கம். அதற்காக உடான் விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணமும் நிறுத்தக் கட்டணமும் தள்ளுபடி செய்யப்பட்டன. காவலையும் தீயணைப்புச் சேவையையும் மாநில அரசு இலவசமாகத் தர வேண்டும். காலி இருக்கைகளால் விமான நிறுவனத்துக்கு வரும் இழப்பை மூன்று ஆண்டுகளுக்கு ஈடுகட்ட நிதியும் உண்டு.

பயணிக்கு நல்லது, விமான நிறுவனத்துக்கும் நல்லது. நிலையத்துக்கு? ஒரு விமான நிலையம் இயல்பாகச் சம்பாதிக்க வேண்டிய வருமானத்தைக் கொள்கையே பூஜ்ஜியமாக்கிவிட்டது. காவலும் தீயணைப்பும் இலவசம் என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது; அது மாநிலக் காவல்துறையின் கணக்கில் ஏறுகிறது, அவ்வளவுதான்.

இத்தனை சலுகைக்குப் பிறகும் என்ன நடந்தது? இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) 2023இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது: உடானின் மூன்றாம் கட்டம் வரை ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403இல் விமானம் பறக்கத் தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று ஆண்டுச் சலுகைக் காலத்தை முழுதாக முடித்தவை 112. சலுகை முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை வெறும் 54. தமிழ்நாட்டில் வேலூரிலும் நெய்வேலியிலும் ஓடுபாதையைச் செப்பனிட்டு முனையத்தைக் கட்டிய பிறகும் பயணி விமானத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

சேலத்தின் கதை இன்னும் தெளிவானது. ஓமலூர் அருகே காமலாபுரத்தில் 1993இல் கட்டப்பட்ட நிலையம் அது. சிறிது காலம் விமானம் வந்து நின்றது. பிறகு 2009 முதல் 2011 வரை கிங்ஃபிஷர். 2018 முதல் கொரோனா காலம் வரை ட்ரூஜெட். 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. முதல் முப்பது ஆண்டுகளில் பறந்த ஆண்டுகளைவிடப் பறக்காத ஆண்டுகளே அதிகம். விமானம் வந்தாலும் வராவிட்டாலும் சுற்றுச்சுவர் இடிந்தால் கட்ட வேண்டும், புல் வளர்ந்தால் வெட்ட வேண்டும், ஓடுபாதையில் விரிசல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முகூர்த்தமே இல்லாத மாதத்திலும் காவலாளுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டிய கல்யாண மண்டபத்தின் நிலைதான்.

டீக்கடைக் கணக்கு

உலக அளவில் விமான நிலையங்களின் மொத்த வருவாயில் ஏறத்தாழ 40 விழுக்காடு கடை, வாகன நிறுத்தம், விளம்பரம், நில வாடகை ஆகியவற்றிலிருந்து வருகிறது. ஆலோசனை அறிக்கைகள் எல்லாவற்றிலும் தவறாமல் இடம்பெறும் எண் இது. ஆனால் இந்தச் சராசரியைத் தூக்கி நிறுத்துவது துபாய், சிங்கப்பூர், லண்டன் போன்ற பெரிய நிலையங்கள். அதை எடுத்து ஒரு மாவட்டத் தலைநகரத்தின் நிலையத்துக்குப் பொருத்துவது எவ்வளவு தவறு என்பதைச் சின்னக் கணக்கு ஒன்றே காட்டிவிடும்.

ஒரு நிலையத்துக்கு நாளுக்கு ஒரு ஏடிஆர்-72 விமானம் வந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். இருக்கை 72. முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக நிரம்பினால் 50 பேர் கிளம்புகிறார்கள். ஆண்டுக்கு 18,250 பேர். தலைக்குச் சராசரியாக 60 ரூபாய்க்கு டீயும் வடையும் வாங்கினால் கடையின் ஆண்டு விற்பனை சுமார் 11 லட்சம். நிலையத்துக்குக் கடைக்காரர் ஐந்தில் ஒரு பங்கு தருகிறார் என்றால் 2 லட்சத்து 20 ஆயிரம். மாதத்துக்கு 18,000 ரூபாய் சொச்சம். ஒரு தீயணைப்பு வீரரின் மாதச் சம்பளத்துக்கும் காணாது. வாகன நிறுத்தத்தில் நாளுக்கு 15 கார், காருக்கு 50 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2 லட்சத்து 70 ஆயிரத்துச் சொச்சம். கல்வி நிறுவனம் ஒன்று, நகைக்கடை ஒன்று, மருத்துவமனை ஒன்று என்று மூன்று விளம்பரப் பலகைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் கூட்டினாலும் அந்த ஒற்றை விமானம் பத்திரமாக இறங்கி ஏறத் தேவையான ஆள்பலத்துக்கு ஈடாகாது. நாளுக்கு நான்கு விமானம் வந்தாலும் இந்தத் தொகை நான்கு மடங்காகும், கதை மாறாது.

ஐரோப்பிய ஆணையம் விமான நிலையங்களுக்கான அரசு உதவி குறித்து 2014இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கின்றன. ஆண்டுக்கு இரண்டு லட்சம் பயணிகள் வரை வரும் நிலையங்களால் இயக்கச் செலவில் பெரும்பகுதியை ஈட்ட முடியாமல் போகலாம் என்றும், முப்பது லட்சத்தைத் தாண்டியவையே பொதுவாக இயக்க அளவில் லாபம் பார்க்கும் என்றும் அவை சொல்கின்றன. சிறு நிலையங்கள் சொந்தக் காலில் நிற்க அங்கே பத்தாண்டு அவகாசம் தரப்பட்டது. கொரோனாவின் பாதிப்பால் அந்த அவகாசத்தை 2027 வரை நீட்டினார்கள்.

ஆக, முதல் தீர்ப்பு சுலபம். பயணியின் தலையை நம்பிய வருமானம் சிறு நிலையத்தைக் காப்பாற்றாது. விமானம் நின்றால் அதுவும் கூடவே நிற்கும். நட்டத்துக்கு மருந்து எப்போது தேவையோ அப்போதுதான் அது கையில் இருக்காது. சிறு நிலையத்திடம் இருக்கும் உண்மையான சொத்து மூன்று: நிலம், வெயில், ஓடுபாதை. இவற்றை ஒவ்வொன்றாக மூன்று அளவுகோல்களில் நிறுத்துப் பார்க்கலாம். பயணி வராவிட்டாலும் பணம் வருமா? அந்தத் தொழில் ஓடுபாதைக்கு இடைஞ்சல் இல்லாமல் நடக்குமா? வரும் பணம் நிலையத்தின் கணக்குக்கு உண்மையிலேயே வருமா?

நிலம்: ஆசையும் சட்டமும்

நிலம் என்றதும் ஹோட்டல், மால், 'ஏரோசிட்டி' என்று பேச்சு தொடங்கிவிடும். தில்லியில் ஏரோசிட்டி எழுந்ததற்குக் காரணம் ஆண்டுக்குப் பல கோடிப் பயணிகளும், பக்கத்திலேயே ஒரு மாநகரமும். சிறு ஊர் நிலையங்கள் ஊருக்கு வெளியே பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பவை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இடம் கிடைக்கும்போது அங்கே போய் ஹோட்டல் கட்ட முதலீட்டாளருக்கு என்ன தேவை?

இதைவிடப் பெரிய தடை சட்டம். அது நியாயமான தடையும்கூட. 2013 நிலம் கையகப்படுத்துதல் சட்டத்தின் 99ஆம் பிரிவு, எந்த நோக்கத்துக்காக நிலம் எடுக்கப்பட்டதோ அதை மாற்றக் கூடாது என்கிறது. 101ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு பயன்படுத்தாமல் கிடந்தால் அந்த நிலம் பழைய உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும் என்கிறது. சேலம் நிலையத்தின் விரிவாக்கத்துக்காக ஏறத்தாழ 570 ஏக்கர் எடுக்க முனைந்தபோது சுற்றுவட்டார விவசாயிகள் எதிர்த்தார்கள். விளையும் நிலத்தை ஓடுபாதைக்கென்று வாங்கி, விமானம் வரவில்லை என்று வணிக வளாகத்துக்குக் குத்தகை விட்டால் அதைப் பொதுப்பயன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

விவசாயக் குத்தகை நியாயமாகத் தோன்றும். அமெரிக்காவின் சிறு நிலையங்கள் பலவும் ஓடுபாதையை ஒட்டிய நிலத்தைப் பயிருக்குக் குத்தகை விடுகின்றன. ஆனால் தானியம் இருக்கும் இடத்துக்குப் பறவை வரும், பறவை விமானத்துக்கு எமன். காட்டை ஒட்டிக் கட்டிய மத்தலவில் 2016இல் யானைகளையும் மற்ற விலங்குகளையும் விரட்ட ராணுவத்தையே இறக்க வேண்டியிருந்தது. எந்தப் பயிர், ஓடுபாதையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைக் கறாராக வரையறுக்காமல் இந்த வழியில் இறங்கக் கூடாது.

நிலத்துக்கான தீர்ப்பு: ஏற்கெனவே கைவசம் உள்ள நிலத்தில், ஓடுபாதை தேவைப்படும் தொழிலுக்கு மட்டும் குத்தகை விடலாம். வருமானத்தைக் காட்டிப் புதிதாக ஒரு ஏக்கர்கூட எடுக்கக் கூடாது.

வெயில்: நம்பகமானது, ஆனால் முதல் வேண்டும்

கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டில் 45 ஏக்கரில் 12 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைத் திறந்தது. முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயரும் 2018இல் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் விருதும் கிடைத்தன. பலகைகளுக்கு இடையே காய்கறியும் விளைவித்தார்கள். அமெரிக்காவின் சட்டனூகா என்ற நடுத்தர ஊரின் நிலையமும் 2.64 மெகாவாட் சூரிய மின் பண்ணையால் தன் மொத்த மின் தேவையையும் ஈடுகட்டுகிறது.

கணக்குப் போட்டால் டீக்கடைக்கும் இதற்கும் உள்ள தூரம் புரியும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் தரும். நான்கைந்து ஏக்கர் போதும். யூனிட்டுக்கு 3 ரூபாய் என்று குறைத்து மதிப்பிட்டாலும் 45 லட்சம் ரூபாய். இருபது ஏக்கரில் 5 மெகாவாட் என்றால் ஆண்டுக்கு இரண்டேகால் கோடி. விமானம் வந்தாலும் வராவிட்டாலும் வெயில் வரும்.

இதிலுள்ள முதல் சிக்கல் முதலீடு. மெகாவாட்டுக்கு நாலைந்து கோடி என்றால் 5 மெகாவாட்டுக்கு 20 முதல் 25 கோடி வேண்டும். கொச்சி ஆண்டுக்கு ஒரு கோடிப் பயணிகளைக் கையாளும் நிறுவனம். அதனிடம் முதல் இருந்தது. சட்டனூகாவுக்குப் பெரும்பகுதியை மத்திய மானியம் கொடுத்தது. நட்டத்தில் ஓடும் சிறு நிலையம் நிலத்தை மட்டும் மின் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டால் வாடகைதான் கிடைக்கும். லாபம் பலகை போட்டவருக்கு. இரண்டாவது, நிலையத்தின் சொந்த மின்செலவைக் குறைக்கும் அளவுக்கான பலகைகள்தான் அதிகம் மிச்சம் பிடித்துத் தரும். அதற்கு மேல் உற்பத்தியாவதை மின்வாரியத்துக்கு விற்கும்போது விலை இறங்கிவிடும். மூன்றாவது, மின்சாரம் தயாரிக்க ஓடுபாதை எதற்கு? அதே பலகைகளை ராமநாதபுரத்தின் எந்தத் தரிசிலும் போடலாம்.

மூன்றாவது ஆட்சேபம் கூர்மையானது. சூரிய மின்சாரம் நிலையத்தைத் தாங்கும், நியாயப்படுத்தாது. ஓடுபாதைக்கு இருபுறமும் பாதுகாப்புக்காகக் காலியாக விட்டே ஆக வேண்டிய நிலம் நிறைய உண்டு. விதிகள் அனுமதிக்கும் தூரத்தில், விமானியின் கண்ணைக் கூசவைக்காத கோணத்தில் அங்கே பலகை போடுவது மதியுள்ள செயல். அதற்கு மேல் அதன் மீது எதிர்பார்ப்பை ஏற்ற வேண்டாம்.

ஓடுபாதை: உண்மையான சரக்கு

ஓடுபாதை இல்லாமல் செய்யவே முடியாத தொழில்கள்தான் சிறு நிலையத்தின் உண்மையான வாடிக்கையாளர்கள். அவற்றில் முதலாவது விமானப் பயிற்சிப் பள்ளி.

வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அவற்றை ஓட்ட ஆள் வேண்டும். பெரிய நிலையங்களில் பயிற்சி விமானத்துக்கு இடம் கிடைக்காது. விமானம் அரிதாக வரும் நிலையம்தான் வாகானது. பெரிய நிலையத்துக்குக் குறையாகத் தெரியும் வெறுமை இங்கே தகுதியாகிவிடுகிறது. இந்திய விமான நிலையங்கள் ஆணையம் இரண்டு சுற்றுகளாகப் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கியபோது இரண்டாவது பட்டியலில் சேலமும் இருந்தது.

ஆனால் மூன்றாவது அளவுகோலில் இது சறுக்குகிறது. பள்ளிகளை ஈர்ப்பதற்காக 2020இல் ஆணையம் தன் வருவாய்ப் பங்கை ரத்து செய்தது. நில வாடகையையும் வெகுவாகக் குறைத்தது. நாட்டுக்கு விமானிகள் கிடைப்பார்கள், பள்ளிக்குக் கட்டணம் கிடைக்கும், நிலையத்துக்குக் கிடைப்பது குறைந்த வாடகை. பள்ளி வளர்ந்தாலும் நிலையத்தின் வருமானம் கூடவே வளரப்போவதில்லை. ஆரம்ப ஆண்டுகளுக்கு இந்தச் சலுகை சரி. பள்ளி வேரூன்றிய பிறகு பறக்கும் மணிக்கு ஏற்ப ஒரு சிறு பங்கு கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது, பராமரிப்பும் நிறுத்தமும். இங்கேதான் இந்தத் திறனாய்வின் வலுவான சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது.

ஓசூர் அருகே பேலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் தனியார் விமானத் தளம் உள்ளது. சுமார் 7,000 அடி ஓடுபாதை. டிக்கெட் வாங்கி அங்கே யாரும் ஏற முடியாது. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தம் 2033 வரை 150 கிலோமீட்டர் சுற்றளவில் போட்டி நிலையம் வருவதைக் கட்டுப்படுத்துகிறது. ஓசூர் அந்த வட்டத்துக்குள். இருந்தும் அந்த ஓடுபாதையில் ஏர்பஸ் 320களும் போயிங் 737களும் ஏடிஆர்களும் இறங்குகின்றன, பயணிகள் இல்லாமல். நேரே ஹேங்கருக்குள் போகின்றன. இருக்கைகளைக் கழற்றி, தரைப் பலகைகளைத் தூக்கி, துரு, விரிசல், வயர் தேய்மானம் எல்லாம் பார்க்கிறார்கள். இந்தத் துறையில் 'சி-செக்' என்று சொல்லப்படும் இந்தப் பெரும் பரிசோதனை ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். தவிர, இந்திய நிறுவனங்களின் விமானங்களில் பெரும்பாலானவை குத்தகைக்கு எடுத்தவை. குத்தகை முடிந்தால் ஒப்பந்தத்தில் சொன்ன நிலையில் சீர்செய்து, குத்தகைக்கு எடுத்த நிறுவனத்தின் வண்ணத்தை அழித்துத் திருப்பித் தர வேண்டும். இந்த வேலைகளைச் செய்யும் ஏர் வொர்க்ஸ் நிறுவனத்தை வாங்க அதானி குழுமம் 2024 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. ஒரு பெருநிறுவனம் பணம் போடும் அளவுக்கு அந்தத் தொழிலுக்கு மதிப்பு இருக்கிறது.

ஓசூரின் வெற்றியை அப்படியே நகலெடுக்க முடியுமா? முடியாது. பெங்களூரில் அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். உருவாக்கிய விமானத் தொழில் மரபு பக்கத்தில் இருக்கிறது. தேர்ந்த டெக்னீஷியன் கிடைக்கிறார். பீடபூமியின் மிதமான வானிலையும் துணை. உப்புக்காற்று வீசும் கடற்கரை நிலையத்தில் விமானத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்க யாரும் துணியமாட்டார்கள்.

அரசின் கொள்கையும் தாமதமாகத்தான் விழித்தது. பராமரிப்பு நிறுவனங்களுக்கு முன்பு மூன்று முதல் ஐந்து ஆண்டுக் குறுகிய குத்தகையே கிடைத்தது. ஐந்து ஆண்டில் காலி செய்ய வேண்டியிருக்கலாம் என்றால் எவர் ஹேங்கர் கட்டுவார்? 2021இல்தான் முப்பது ஆண்டுக் குத்தகைக்கு வழி பிறந்தது. ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5ஆகக் குறைந்தது 2020இல். அதற்கு முன் நம் விமானங்கள் பராமரிப்புக்காக வெளிநாடு பறந்துகொண்டிருந்ததில் வியப்பில்லை.

இன்னொரு சாட்சி ஸ்பெயினின் தெருவேல். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல், வறண்ட காற்று, பழைய ராணுவத் தளம். அரகோன் மாநில அரசும் தெருவேல் நகராட்சியும் சேர்ந்து 2013இல் திறந்த இந்த நிலையத்தில் தொடக்கத்திலிருந்தே பயணி முனையம் என்ற பேச்சே இல்லை. விமானங்களை நிறுத்தி வைப்பது, பராமரிப்பது, ஆயுள் முடிந்தவற்றைப் பிரித்தெடுப்பது ஆகியவைதான் முதன்மைத் தொழில். ஏர்பஸ் பங்கு வைத்திருக்கும் டார்மாக் நிறுவனம் அங்கே முக்கிய வாடகைதாரர். ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் பிஎல்டி ஸ்பேஸ் நிறுவனமும் இடம் பிடித்திருக்கிறது. 2020இல் உலகமெங்கும் விமான நிலையங்கள் வெறிச்சோடியபோது தெருவேலில் விமானங்கள் வரிசைகட்டி நின்றன. பயணி குறையும்போது கூடும் வருமானம் இது. டீக்கடை வருமானத்துக்கு நேர்மாறு. நட்டக் காலத்துக்குக் காப்பீடு போல வேலை செய்யும் ஒரே விமானம் சாரா வருமானம் இதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

அதே நாட்டில் சியுதாத் ரியால் என்றொரு நிலையம். நூறு கோடி யூரோவுக்கு மேல் விழுங்கி, நான்கு கிலோமீட்டர் ஓடுபாதையோடு, மாட்ரிட்டுக்கு மாற்று நிலையம் என்ற கனவில் 2008 முடிவில் திறந்தது. அதில் பணத்தைக் கொட்டிய உள்ளூர் சேமிப்பு வங்கி 2009இல் கவிழ்ந்தது. 2012இல் நிலையமே மூடப்பட்டது. திரைப்பட இயக்குநர் பெத்ரோ அல்மோதோவார் அங்கே ஒரு படம் எடுத்தார். 2015 ஏலத்தில் ஒரு நிறுவனம் வெறும் 10,000 யூரோவுக்குக் கேட்டது, நீதிமன்றம் மறுத்தது. அடுத்த ஆண்டு 5 கோடியே 60 லட்சம் யூரோ அளவில் கைமாறியது. இப்போது அங்கேயும் விமானங்களை நிறுத்தி வைக்கிறார்கள்.

இரண்டையும் அருகருகே வைத்தால் முக்கியமான விஷயம் துலங்கும். தொழில் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். 5 கோடி யூரோவுக்கு வாங்கியவருக்கு அது பிழைப்பு. 100 கோடி போட்டுக் கட்டியவருக்கு அது ஒருபோதும் பிழைப்பாகியிருக்காது. விமானம் சாரா வருமானம் இயக்கச் செலவுக்கு ஈடுகொடுக்கும், கட்டிய கடனை அடைக்காது. முதலில் பிரித்துவைத்த இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் இதை இன்னொரு பக்கத்திலிருந்து உறுதி செய்கிறது. 2013இல் அரசு அதை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. இன்று அது ரையன்ஏரின் பராமரிப்புத் தளம், சரக்கு விமானம், ராணுவ விமானங்களுக்கு எரிபொருள் என்று பல வழிகளில் சம்பாதித்து, அண்மை ஆண்டுகளில் இயக்க லாபமும் காட்டியிருக்கிறது. அமெரிக்க ராணுவத்துக்கு எரிபொருள் விற்பது சரியா என்று அங்கே எதிர்ப்பும் உண்டு. யாரிடமிருந்து பணம் வாங்குகிறோம் என்பதும் கணக்கில் ஒரு வரிதான்.

மோகங்களைப் பற்றி ஒரு வார்த்தை

இங்கிலாந்தின் நியூகீ நிலையம் விண்வெளித் தளமாக மாற ஆசைப்பட்டது. பொதுப்பணம் போனது. 2023 ஜனவரி 9 அன்று வர்ஜின் ஆர்பிட் ஏவிய ராக்கெட் தோற்றது. ஏப்ரலில் நிறுவனமே திவாலானது. ஒரே வாடகைதாரரை நம்பி வசதிகளை உருவாக்கினால் அவரோடு நாமும் விழுவோம்.

படப்பிடிப்பு, கார் பந்தயம் போன்றவை அவ்வப்போது வரும் வருமானம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுபாதையில் பல பத்தாண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்ததும் அது ஓய்ந்தது. விமானமே வராத ஓடுபாதைக்கு அது பொருந்தும். நாளுக்கு ஒரு விமானம் வரும் நிலையத்தில் பாதுகாப்பு விதிகள் இடம்தராது.

ஒரு நியாயமான ஆட்சேபம்

"சாலை லாபம் பார்க்கிறதா? அரசு மருத்துவமனை லாபம் பார்க்கிறதா? விமான நிலையத்திடம் மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது அரக்கோணத்தின் கடற்படைத் தளத்திலிருந்து பயணி விமானங்கள் இயங்கின. ஆபத்துக் காலத்தில் ஒரு ஓடுபாதையின் மதிப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஆனால் சாலையில் கூலித் தொழிலாளியும் நடக்கிறார். நாளுக்கு ஐம்பது பேர் ஏறும் விமானத்துக்கு எல்லோருடைய வரிப்பணமும் போகிறது என்றால், ஒரு பயணிக்கு எவ்வளவு என்று கேட்கும் உரிமை ஏறாதவருக்கும் உண்டு. மானியம் கொடுப்பது குற்றமல்ல. மானியத்தை 'வருங்கால வருமானம்' என்ற போர்வைக்குள் ஒளித்து வைப்பதுதான் குற்றம். மானியம் தேவை என்றால் அதைத் திறந்த கணக்கில் கேளுங்கள், சட்டமன்றம் விவாதிக்கட்டும்.

தீர்ப்பு

இருக்கும் சிறு நிலையங்கள் விமானம் சாரா வருமானத்தைத் தேடுவது சரி, தேவையும்கூட. முதலில் பயிற்சிப் பள்ளியும் பராமரிப்புக் கொட்டகையும். குத்தகை நீண்டதாகவும், வருவாய்ப் பங்கு பிற்காலத்திலாவது நிலையத்துக்கு வருவதாகவும் இருக்க வேண்டும். அடுத்து, சொந்த மின்செலவைக் குறைக்கும் அளவுக்குச் சூரியப் பலகை. கடையும் விளம்பரமும் கடைசி. அவற்றிலிருந்து வருவது கைச்செலவுக்கு ஆகும், குடும்பம் நடத்த ஆகாது. ஊர் ஊருக்கு ஒரே பட்டியலை நீட்டுவதும் வேலைக்கு ஆகாது. ஓசூருக்குப் பொருந்தியது தூத்துக்குடிக்குப் பொருந்தாது.

புதிதாக ஒரு நிலையம் கட்டலாமா என்ற கேள்விக்கு இந்த வருமானம் எதையும் சாட்சியாகக் கொண்டுவரக் கூடாது. 2025 மத்திய பட்ஜெட் அடுத்த பத்தாண்டில் 120 புதிய ஊர்களை விமானப் பாதையில் சேர்ப்பதாக அறிவித்திருக்கிறது. அந்த ஊர்களின் திட்ட அறிக்கைகளில் 'விமானம் சாரா வருமானம்' என்ற தலைப்பைப் பார்த்தால் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: அந்தத் தொகை யாரிடமிருந்து வரும், அவர் கையெழுத்துப் போட்டுவிட்டாரா? பதில் இல்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கணக்கு நின்றால் கட்டுங்கள். நிற்காவிட்டால் அந்தப் பணத்தில் பக்கத்து ஊருக்கு நல்ல ரயில் விடுங்கள்.